தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசும்போதெல்லாம், இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியைப் பற்றி ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. தொலைக்காட்சி விவாதங்களில் அந்தப் பதவியின் பெயர் அடிக்கடி ஒலித்தாலும், அங்கே செல்லும் வழி எது, அங்கே நடக்கும் வேலை எது என்பது தமிழில் தெளிவாக எழுதப்படுவது குறைவு. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியதிலிருந்து கடினமானதை நோக்கி இங்கே தொகுத்திருக்கிறேன்.

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்பவர் அமைச்சரா, அதிகாரியா?

இரண்டும் அல்ல. அவர் பிரதமரால் நியமிக்கப்படும் ஆலோசகர். உள்நாட்டுப் பாதுகாப்பு, வெளிநாட்டு அச்சுறுத்தல், உளவுத் தகவல், அணு ஆயுதக் கொள்கை ஆகியவற்றில் பிரதமருக்கு நேரடியாகக் கருத்துச் சொல்பவர். பிரதமர் தலைமையிலான தேசியப் பாதுகாப்புக் குழுமத்தின் செயல்பாட்டை ஒருங்கிணைப்பவரும் அவரே. உள்துறை, பாதுகாப்பு, வெளியுறவு, நிதி ஆகிய துறைகளின் அமைச்சர்கள் அந்தக் குழுமத்தின் உறுப்பினர்கள்.

அரசமைப்புச் சட்டத்தில் இப்படி ஒரு பதவி கிடையாது. நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமும் இதற்கு இல்லை. அஜித் தோவலுக்கு 2019-இல் கேபினட் அமைச்சர் தகுதி வழங்கப்பட்டது. அது மரியாதை வரிசையையும் வசதிகளையும் குறிக்கும் தகுதியே தவிர, அதனால் அவர் அமைச்சரவையின் உறுப்பினர் ஆகிவிடவில்லை.

இந்தப் பதவி எப்போது வந்தது? அதற்கு முன் யார் இந்த வேலையைச் செய்தார்கள்?

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் வாஜ்பாய் அரசு இந்தப் பதவியை உருவாக்கியது. அதற்கு முன்பு, கூட்டு உளவுக் குழு பல அமைப்புகளின் தகவல்களைத் தொகுத்து மதிப்பிட்டது. பிரதமரின் செயலர்களும் அமைச்சரவைச் செயலரும் எஞ்சியதைக் கவனித்தார்கள். 1990-இல் வி.பி. சிங் அரசு ஒரு தேசியப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. அது ஒரே ஒருமுறை கூடியதோடு சரி.

இதுவரை ஐந்து பேர் இப்பதவியில் அமர்ந்திருக்கிறார்கள். முதலாமவர் பிரஜேஷ் மிஸ்ரா. 2004-இல் வந்த ஜே.என். தீட்சித் 2005 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவரையடுத்து எம்.கே. நாராயணன் 2010 ஜனவரி வரையிலும், சிவசங்கர் மேனன் 2014 மே வரையிலும் இருந்தனர். 2014 மே மாத இறுதியில் அஜித் தோவல் பொறுப்பேற்றார்.

அன்றாடம் அவர் என்னதான் செய்கிறார்?

வேலையின் உயிர்நாடி, தகவலைச் சேர்த்துப் பார்ப்பது. உள்நாட்டு உளவுக்கு ஐ.பி., வெளிநாட்டு உளவுக்கு ரா, தொழில்நுட்ப உளவுக்கு என்.டி.ஆர்.ஓ., இவற்றுக்கு அப்பால் முப்படைகளின் சொந்த உளவுப் பிரிவுகள் என்று ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்ததை மேலே அனுப்புகின்றன. அவை ஒன்றோடொன்று முரண்படும். பாதி உண்மையாக இருக்கும். எதை நம்புவது, எதற்கு இன்னும் சான்று தேவை, எதைப் பிரதமரின் மேசைக்கு இன்றே கொண்டுபோக வேண்டும் என்று தீர்ப்பதற்குத்தான் ஆலோசகரும் தேசியப் பாதுகாப்புக் குழுமச் செயலகமும் இருக்கிறார்கள்.

இந்தத் தேவை எப்படிப்பட்டது என்பதைக் கார்கில் காட்டியது. 1999 போருக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 1998 ஜூன் மாதத்திலேயே, கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் கார்கில் பகுதியை ஒட்டி நடந்த நடமாட்டங்களைப் பற்றி ஐ.பி. இயக்குநர் ஓர் அறிக்கை அனுப்பியிருந்தார். அது பிரதமருக்குப் போனது. உள்துறை அமைச்சருக்குப் போனது. அமைச்சரவைச் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் ஆகியோருக்கும் போனது. ஆனால் அந்தத் தகவலைத் தொடர்ந்து துருவியிருக்க வேண்டிய ரா அமைப்பின் செயலர், கூட்டு உளவுக் குழுவின் தலைவர், ராணுவ உளவுப் பிரிவின் தலைமை இயக்குநர் ஆகிய மூவருக்கும் அது நேரடியாக அனுப்பப்படவில்லை. மேலிருந்து தானாகவே அவர்களிடம் இறங்கிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. போருக்குப் பின் அமைக்கப்பட்ட கார்கில் ஆய்வுக் குழு இதைத் தன் அறிக்கையிலேயே பதிவு செய்தது. பெறுநர் பட்டியலில் மூன்று பெயர்கள் விடுபட்டது சிறிய செய்தியாகத் தோன்றலாம். என் பார்வையில், இந்தத் துறைக்கு வர நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் அதுவே.

இதைத் தவிர, 2003 முதல் சீனாவுடனான எல்லைப் பேச்சுவார்த்தையில் இந்தியாவின் சிறப்புப் பிரதிநிதியாக இருப்பது, 2018-இல் அமைக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டமிடல் குழுவுக்குத் தலைமை ஏற்பது, பிற நாடுகளின் ஆலோசகர்களோடு தொடர்பு வைத்திருப்பது ஆகியவையும் அவர் பொறுப்புகள்.

முப்படைத் தலைமைத் தளபதி, பாதுகாப்புச் செயலர், பாதுகாப்பு ஆலோசகர்: இவர்களில் யார் பெரியவர்?

இவர்களை ஒரே ஏணியில் வைத்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பாதுகாப்புச் செயலர் ஓர் அமைச்சகத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. முப்படைத் தலைமைத் தளபதி, முப்படைகள் சார்ந்த விஷயங்களில் பாதுகாப்பு அமைச்சரின் முதன்மை ராணுவ ஆலோசகர். 2020 ஜனவரியில் ஜெனரல் பிபின் ராவத் அந்தப் பொறுப்பின் முதல் தளபதியானார். 2021 டிசம்பரில் குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவரை இழந்தோம். பாதுகாப்பு ஆலோசகரோ பிரதமருக்குப் பதில் சொல்பவர்; ராணுவம் அவர் கவனிக்கும் பலவற்றில் ஒன்று.

நடைமுறையில் அவருடைய செல்வாக்கு பிரதமரோடு அவருக்குள்ள நெருக்கத்தைப் பொறுத்தது. இருந்தாலும் விதிகளும் அவர் பக்கம் நகர்ந்திருக்கின்றன. செயலர்களும் படைத் தளபதிகளும் அமரும் வியூகக் கொள்கைக் குழுவுக்கு முன்பு அமைச்சரவைச் செயலர் தலைமை தாங்கினார். 2018-இல் அந்த இடம் பாதுகாப்பு ஆலோசகருக்கு வந்தது.

சரி, இதற்கு என்ன தேர்வு எழுத வேண்டும்?

இந்தப் பதவிக்கென்று தேர்வு இல்லை; விண்ணப்பமும் இல்லை; விளம்பரமும் வராது. ஐந்து பேருமே யு.பி.எஸ்.சி. வழியாக வெளியுறவுப் பணியிலோ காவல் பணியிலோ இளம் வயதில் சேர்ந்து, அந்தப் பணியின் உச்சிக்குச் சென்று, ஓய்வு பெற்ற பிறகு அழைக்கப்பட்டவர்கள். அஜித் தோவல் 1968-இல் ஐ.பி.எஸ். பணியில் சேர்ந்தவர், ஆலோசகரானது 2014-இல். இடையே ஓடியது 46 ஆண்டுகள்.

ஆகவே இதை 22 வயதில் ஓர் இலக்காக வைத்து நடப்பது பயன் தராது. இந்தத் துறையில் ஆலோசனை சொல்லும் இருக்கைகள் பல நிலைகளில் இருக்கின்றன. அமைச்சகங்களின் கொள்கைப் பிரிவுகள், தூதரகங்கள், உளவு அமைப்புகளின் ஆய்வுப் பிரிவுகள், குழுமச் செயலகம், ஆய்வு நிறுவனங்கள் என்று அவை விரிகின்றன. அவற்றில் ஒன்றில் ஆழமாக வேலை செய்வதே வாழ்நாள் பணி. அந்த உச்சிப் பதவி அதன் பிறகு ஒருவருக்கு அமையலாம், அமையாமலும் போகலாம்.

ஐ.பி.எஸ். எடுத்தால் நல்லதா, ஐ.எஃப்.எஸ். எடுத்தால் நல்லதா?

கணக்குப் பார்த்தால் மூவர் வெளியுறவுப் பணியினர் (மிஸ்ரா, தீட்சித், மேனன்), இருவர் காவல் பணியினர் (நாராயணன், தோவல்). காவல் பணியினர் இருவருமே ஐ.பி. இயக்குநராக இருந்தவர்கள். மாவட்டக் காவல் நிர்வாகத்தை விட உளவுப் பணியே அவர்களை உருவாக்கியது. ஐ.பி.எஸ். எடுப்பவர்கள் மத்திய உளவு அமைப்புகளுக்கு அயல்பணியில் செல்லும் வாய்ப்பைத் தொடக்க ஆண்டுகளிலேயே பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள்.

இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எந்த வகை வேலையில் உங்கள் மனம் நிலைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியுறவுப் பணியில் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயமாகக் கற்க வேண்டும். வாழ்நாளின் பெரும்பகுதி வெளிநாடுகளில் கழியும். உளவுப் பணியில் உங்கள் பெயர் வெளியே தெரியாது. செய்த நல்ல வேலைக்கு ஊரறியப் பாராட்டு கிடைக்காமல் முப்பது ஆண்டுகள் இருக்க முடியுமா என்பது உண்மையான கேள்வி. பலரால் முடியாது.

நான் ராணுவத்தில் சேர ஆசைப்படுகிறேன். எனக்கு இந்த வழி அடைபட்டதா?

ஆலோசகர் பதவிக்கு ராணுவத்திலிருந்து இதுவரை ஒருவரும் வரவில்லை. ஆனால் செயலகத்தில் ராணுவ ஆலோசகர் என்று ஒரு முக்கியமான பொறுப்பு உண்டு. இரண்டாவது முப்படைத் தலைமைத் தளபதியான ஜெனரல் அனில் சௌகான், 2022-இல் அந்தப் பதவிக்கு வருமுன் இந்தப் பொறுப்பில்தான் இருந்தார். தேசியக் கடல்சார் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியும் 2022-இல் முதன்முறையாக நிரப்பப்பட்டது. அதில் முதலில் அமர்ந்த வைஸ் அட்மிரல் அசோக் குமார், உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள அமராவதி நகர் சைனிக் பள்ளியில் படித்தவர்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.), பட்டப்படிப்புக்குப் பின் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு (சி.டி.எஸ்.) என்பவை நுழைவு வழிகள். நடுநிலை அதிகாரிகளுக்கு நீலகிரி மாவட்டத்து வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் படைகள் பணியாளர் கல்லூரியும், பிரிகேடியர் நிலையை எட்டியவர்களுக்கு டெல்லியில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரியும் போர்முனைக்கு அப்பால் சிந்திக்கப் பழக்குகின்றன. டெல்லிக் கல்லூரியில் ராணுவ அதிகாரிகளோடு ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ். அதிகாரிகளும், நட்பு நாடுகளின் அதிகாரிகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பின்னாளில் ஒரு நெருக்கடியில் தயக்கமின்றித் தொலைபேசியை எடுத்துப் பேசும் பழக்கம் அங்கேதான் பிறக்கிறது.

கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும்?

குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். நாட்டின் பாதுகாப்புச் சிந்தனையாளர்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்க கே. சுப்பிரமணியம் திருச்சியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்து 1951-இல் ஐ.ஏ.எஸ். ஆனவர். நாராயணன் சென்னை லயோலா கல்லூரியில் பொருளியல் படித்தவர். நேரடியாக இத்துறையையே படிக்க விரும்புவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் வியூகவியல் துறை இருக்கிறது. மேலே சொன்ன வெலிங்டன் கல்லூரி மாணவர்களுக்கு முதுகலைப் பட்டம் வழங்குவதும் அதே பல்கலைக்கழகம்தான்.

பாடத்தை விடப் பழக்கம் முக்கியம். ஓர் அண்டை நாட்டையோ ஒரு துறையையோ (கடல்வழி, இணையப் பாதுகாப்பு, எரிசக்தி, அரிய கனிமங்கள் என எதுவாகவும் இருக்கலாம்) தேர்ந்துகொண்டு, அதன் வரைபடம், பொருளாதாரம், படைபலம், உள்ளூர் அரசியல் ஆகியவற்றைத் தொடர்ந்து பின்பற்றுங்கள். படித்ததை இரண்டு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். மேலிடத்தில் இருப்பவர்களுக்கு நேரம் குறைவு. சிக்கலான ஒன்றைப் பொருள் சிதையாமல் சுருக்கத் தெரிந்தவரையே அவர்கள் மறுபடியும் அழைப்பார்கள்.

தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கிலமும் இந்தியும் தடையாகுமா?

முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. அந்தத் தடை உண்மையானது. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம், நேர்காணலையும் தமிழில் எதிர்கொள்ளலாம். ஆனால் பணியில் சேர்ந்த பிறகு கோப்புகளும் உளவு மதிப்பீடுகளும் ஆங்கிலத்தில் இருக்கும்; டெல்லியின் தாழ்வாரப் பேச்சு பெரும்பாலும் இந்தியில் இருக்கும். இரண்டையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், அவை கற்கக்கூடியவையே.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பாக் நீரிணை ஆகியவற்றை மூலமொழியிலேயே படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் டெல்லியில் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்து நாளிதழை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் படிக்க முடிவது ஓர் ஆய்வாளருக்குப் பெரிய பலம். தமிழை ஒரு குறையாக எண்ணி வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எனக்கு வயது 34. தேர்வு எழுதும் வயது கடந்துவிட்டது. வேறு வழி உண்டா?

பொதுப் பிரிவினருக்குக் குடிமைப் பணித் தேர்வின் உச்ச வயது 32. பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் பிரிவினருக்கு 37. உங்களுக்கு எந்த வரம்பு பொருந்தும் என்பதை முதலில் சரிபாருங்கள். பலர் வரம்பு முடியுமுன்பே முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

தேர்வு வழி உண்மையிலேயே அடைபட்டிருந்தால், ஆய்வு வழி திறந்திருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் இயங்கும் மனோகர் பரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1965-இல் தொடங்கப்பட்டது. அதை நீண்டகாலம் வழிநடத்தி வளர்த்தவர் முன்னர் சொன்ன சுப்பிரமணியம்தான். விவேகானந்தா அறக்கட்டளை, அப்சர்வர் ஆய்வு அறக்கட்டளை, சென்னையிலுள்ள சீன ஆய்வு மையம் போன்றவையும் இருக்கின்றன. டி.ஆர்.டி.ஓ. போன்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்புகள் பொறியாளர்களையும் அறிவியலாளர்களையும் தனியே தேர்ந்தெடுக்கின்றன. அரசுக்கு வெளியே இருப்பவர்களின் கருத்தைப் பெறுவதற்காகவே தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம் என்று ஒன்றும் உண்டு. ஆனால் 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பின், ரா முன்னாள் தலைவர் அலோக் ஜோஷி தலைமையில் அது மாற்றியமைக்கப்பட்டபோது, பெரும்பாலும் ஓய்வு பெற்ற அதிகாரிகளே இடம்பெற்றார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு வழி இருக்கிறது, குறுகலாக இருக்கிறது.

பெண்கள் இந்த உயரத்துக்கு வந்திருக்கிறார்களா?

ஆலோசகர் பதவிக்கு இன்னும் இல்லை. துணை ஆலோசகராக வெளியுறவுப் பணியைச் சேர்ந்த லதா ரெட்டி இருந்திருக்கிறார். உச்ச நீதிமன்றத்தின் 2020, 2021 ஆணைகளுக்குப் பின் ராணுவத்தில் பெண்களுக்கு நிரந்தரப் பணியும் என்.டி.ஏ. நுழைவும் கிடைத்திருக்கின்றன. என்.டி.ஏ.வில் பயின்ற முதல் பெண்கள் அணி 2025 மே மாதம்தான் வெளியே வந்தது. அவர்கள் மூத்த நிலைகளை எட்ட இன்னும் காலம் இருக்கிறது.

சம்பளம் எவ்வளவு?

ஏழாவது ஊதியக் குழுவின்படி, குடிமைப் பணியில் சேரும்போது அடிப்படை ஊதியம் மாதம் 56,100 ரூபாய். செயலர் நிலையில் 2,25,000 ரூபாய். படிகள் தனி. ஆலோசகரின் தகுதி பற்றி முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன். பணத்துக்காகத் தேர்ந்தெடுக்கும் துறை இதுவல்ல.

அணு ஆயுதப் பொத்தான் இவர் கையிலா இருக்கிறது?

இல்லை. 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அணு ஆயுதக் கட்டளை ஆணையத்தில் இரண்டு குழுக்கள் உள்ளன. பிரதமர் தலைமையிலான அரசியல் குழு மட்டுமே ஆயுதத்தைப் பயன்படுத்த அனுமதிக்க முடியும். பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான செயல் குழு, முடிவெடுக்கத் தேவையான தகவல்களைத் தருகிறது. எடுத்த முடிவை நிறைவேற்றுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் முடிவும், நியமிக்கப்பட்டவர்களிடம் செயல்பாடும் என்ற இந்தப் பிரிவினை மிகவும் அவசியமானது என்றே நான் கருதுகிறேன்.

இலங்கைத் தமிழர் விஷயத்தில் டெல்லியின் முடிவுகளை இவர்கள்தான் எடுத்தார்களா?

தமிழ்நாட்டில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. ஜே.என். தீட்சித் 1985 முதல் 1989 வரை கொழும்பில் இந்தியத் தூதராக இருந்தவர். 1987 ஒப்பந்தக் காலத்தில் அவர் பெயர் இங்கே வீடுதோறும் தெரிந்திருந்தது. ஆனால் அப்போது ஆலோசகர் பதவியே பிறக்கவில்லை. சிவசங்கர் மேனனும் பின்னர் அதே கொழும்புத் தூதர் பதவியில் இருந்தவர். போரின் இறுதிக் கட்டமான 2009 ஏப்ரலில், அன்றைய ஆலோசகர் நாராயணனும் அன்று வெளியுறவுச் செயலராக இருந்த மேனனும் கொழும்பு சென்று ராஜபக்சேவைச் சந்தித்தார்கள்.

கொள்கையைத் தீர்மானித்தது அமைச்சரவை. அதை வடிவமைத்ததிலும் கொழும்புக்குக் கொண்டுசென்றதிலும் ஆலோசகருக்குப் பெரும் பங்கு இருந்தது. அந்தப் பங்கை மறைத்துப் பேசுவதும் தவறு, எல்லாமே இரண்டு மூன்று அதிகாரிகளின் விருப்பப்படி நடந்தது என்பதும் தவறு. வன்னியில் சிக்கியிருந்த மக்களின் நிலை அந்த மேசையில் எவ்வளவு எடை பெற்றது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த எடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது, அறைக்குள் இருப்பவர்களின் அறிவால்தான். இன்று இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், வங்கதேசம் போன்ற நாடுகளோடு கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற அமைப்பில் ஆலோசகர்கள் நிலையிலேயே பேச்சு நடக்கிறது. வடமாகாணத்தையும் ராமேஸ்வரத்து மீனவர் வாழ்க்கையையும் நேரில் அறிந்த இளம் அதிகாரிகள் அந்த அறைகளில் அமர வேண்டும் என்பதே இப்படி ஒரு தொகுப்பை எழுதத் தூண்டிய எண்ணம்.

தவறு நடந்தால் இவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

பிரதமருக்கு மட்டுமே. அவையில் எழுந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். ஆலோசகர் நாராயணன் மேலும் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் குழுமச் செயலகம் இருப்பதால், ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான குற்றச்சாட்டுகளைத் தவிர மற்றவற்றுக்கு விலக்கு உண்டு.

ரகசியம் காக்க வேண்டிய தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிகாரம் வளரும் அளவுக்குக் கண்காணிப்பும் வளர வேண்டும். நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன், மூடிய அறையிலாவது, ஆண்டுக்கு ஒருமுறை ஆலோசகர் விளக்கம் அளிக்கும் முறை வரலாம் என்பது என் கருத்து. இந்தத் துறைக்கு வருபவர்கள் அதை எதிர்ப்பாகக் கருதக் கூடாது.

ஓய்வுக்குப் பின் அனுபவங்களைப் புத்தகமாக எழுதலாமா?

தீட்சித்தும் மேனனும் எழுதியிருக்கிறார்கள்; அவற்றிலிருந்து நாம் கற்றது அதிகம். ஆனால் 2021-இல் திருத்தப்பட்ட ஓய்வூதிய விதிகளின்படி, உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றியவர்கள் தங்கள் அமைப்பின் பணி தொடர்பாக எதையும் முன் அனுமதியின்றி வெளியிடக் கூடாது. மீறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படலாம். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டமும் வாழ்நாள் முழுவதும் பொருந்தும்.

பிரதமர் கேட்க விரும்பாததை ஆலோசகரால் சொல்ல முடியுமா? சொன்னால் பதவி இருக்குமா?

சொல்லத்தான் வேண்டும். பதவி இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஏனெனில் பிரதமர் நினைத்தால் அன்றே முடிந்துவிடும் பதவி அது. சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. முடிவு எடுக்கப்படும் முன், தனியாக, எழுத்தில், மாற்று வழியோடு சொல்வது. முடிவு எடுக்கப்பட்ட பின் அதை நேர்மையாக நிறைவேற்றுவது. அது முடியாத அளவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் விலகுவது. ஊடகங்களுக்குக் கசியவிடுவது இந்த வரிசையில் இல்லை.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு மூன்றாவது கேள்வியில் பார்த்த அதே கார்கில் ஆய்வுக் குழு. அதை அமைத்தது வாஜ்பாய் அரசு. தலைமை தாங்கியவர் அந்த அரசே நியமித்த ஆலோசனை வாரியத்தின் தலைவரான சுப்பிரமணியம். அப்போது பிரஜேஷ் மிஸ்ரா பிரதமரின் முதன்மைச் செயலராகவும் பாதுகாப்பு ஆலோசகராகவும் இரண்டு பொறுப்புகளை ஒருங்கே வகித்தார். பிரதமரின் மிக நெருங்கிய நம்பிக்கைக்கு உரியவர். அப்படியிருந்தும், பாதுகாப்பு ஆலோசகர் முழுநேரப் பொறுப்பாளராகவே இருக்க வேண்டும் என்று குழு தெளிவாக எழுதிக் கொடுத்தது. 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. மிஸ்ரா இரண்டு பொறுப்புகளிலும் 2004 வரை தொடர்ந்தார். அந்த ஆண்டு ஆட்சி மாறித் தீட்சித் வந்தபோது, முதன்மைச் செயலர் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன.